தோல் நிறம்

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் தையல் கடையில் இப்போது
ஸ்கின் நெட் ஆறு நிறத்தில் இருக்கிறது.
மீட்டர் நூற்று நாற்பது.
கல்யாண சீசனில் வெட்டி முடியாது.

அன்றைக்கு ஒரே நிறம்தான்.
வடசேரியில் பனியன் துணிக் கடைக்காரர்
எடுத்துப் போட்டார்: "தோல் கலரு."
யாருடைய தோல் என்று நான் கேட்கவில்லை.
வெந்த இறாலின் நிறம்.
கழுத்திலிருந்து கணுக்கால் வரை தைத்து மாட்டி
மேலே ஜிகினா இரண்டு துண்டு,
தொப்புளுக்கு ஒரு பாசி.
அவ்வளவுதான் மின்னல் ஜூலி.

அருமநல்லூர் பக்கம் ஒரு கொடை.
டியூப் லைட்டில் ஈசல்.
வாழைத்தோட்டத்து இருட்டில் ஆண்கள்,
மேடைக்கு முன்னால் பாய் விரித்துப் பெண்கள்
(பெண்களும் பார்த்தார்கள்,
அதை எவனும் எழுதவில்லை).
மூன்றாவது பாட்டில் ஜீப் வந்தது.

"ஜூலி என்ற நேசபாய்,
இடுப்பும் தொப்புளும் பொதுமக்கள் காணும்படி..."
சாட்சி: தாணுலிங்கம், வயது இருபத்தாறு.
கையெழுத்து நல்ல கையெழுத்து.
அவர் கண்டது ஐம்பது காசுப் பாசி.
கோர்ட்டில் சொல்ல வாயெடுத்தேன்:
அய்யா, என் தொப்புளை
என் அம்மையும் மருத்துவச்சியும் தவிர
யாரும் கண்டதில்லை.
வக்கீல் கண் காட்டினார்.
அபராதம் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

போன வாரம் அவரே கடைக்கு வந்தார்.
கூட மகள், அபிஷா. பெங்களூரில் வேலை.
ரிசப்ஷன் மண்டபத்துக்குள்
ஆடிக்கொண்டே நுழையப் போகிறாளாம்.
மார்த்தாண்டத்திலிருந்து மாஸ்டர் வந்து
ஒன்பது நாளாய்ப் பழக்குகிறான்.
போனில் காட்டினாள்.
அந்த மூன்றாவது வளைவு எனக்குத் தெரியும்.
அதற்குத்தான் அபராதம் கட்டினேன்.

என் கால் பெடலைவிட்டுத் தானாக எழுந்தது.
"அக்கா ஆடுவீங்களா!" என்று சிரித்தாள்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்,
பிறகு தரையில் கிடந்த வெட்டுத் துணியை.
"டி.வி.ல பாத்ததாக்கும்" என்றேன்.
மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"முதுகு நாலு விரல் எறக்கணும் அக்கா,
வயித்துல நெட் வைக்கணும்."
"அவ இஷ்டம்போல வச்சிருங்க" என்றார் அப்பன்.
அட்வான்சில் ஐநூறு கூடுதலாக இருந்தது.
திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அவள் ஆடட்டும். நன்றாகவே வளைகிறாள்.
மண்டபத்தில் இருட்டு இருக்காது,
எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியும்.
பிளவுசைத் தைத்தவளுக்கு அழைப்பு உண்டா என்று
இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆறு சுருளையும் ஒவ்வொன்றாய்
முழங்கைமேல் விரித்துப் பார்த்தேன்.
ஐந்தாவதில்
கை எது துணி எது என்று
கண்ணாடி போட்டும் தெரியவில்லை.