கீழே ஓடும் வரி

செந்தூலில் இரவுக் காட்சி. எனக்கு மூன்றாம் முறை.
இம்முறை சியூ லிங்கும் வந்தாள்,
கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேசை.

ரயிலடியில் அவன் "போயிட்டு வரேன்" என்கிறான்.
நான் சோளப்பொரியில் கைவிட்டபடி இருக்கிறேன்.
என் அழுகைக்கு இன்னும் இருபது நிமிடம்,
அவன் பை மட்டும் திரும்பும்போது.

இவள் அதற்குள் தேம்புகிறாள்.
திரையின் அடியில் மலாய் எழுத்து:
சாயா பெர்கி.
போகிறேன். அவ்வளவுதான்.
எழுதியவருக்கு "வரேன்" அகப்படவில்லையோ,
இடம்தான் போதவில்லையோ.

எல்.ஆர்.டி.யில் மூக்கைச் சிந்திக்கொண்டே
பசிக்குது என்றாள்.

நான் கைப்பேசியைக் காதில் வைத்தேன்.
மார்ச்சில் முகிலன் அனுப்பிய குரல்,
ஆறு விநாடி.
"வரேன்" என்றுதான் சொல்கிறான்.

திரையைத் திருப்பிப் பார்த்தேன்.
அடியில் எழுத்து எதுவும் ஓடவில்லை.