செவ்வாய்க்கிழமை கிளினிக் விடுமுறை

கதவில் ஒட்டிய தாளில் மூன்று சேதிகள்.
புது நாற்காலி வந்திருக்கிறது
(தவணையில் என்பதை எழுதவில்லை).
பல் வெண்மையாக்கல், ஆடி முடியும்வரை பாதி விலை.
செவ்வாய் விடுமுறை, வலி பொறுக்காதவர்கள்
கீழ்க்கண்ட எண்ணை அழைக்கவும்.
எண்ணின் கடைசி இலக்கம் ஊறி அழிந்திருக்கிறது.
காங்கேயத்தில் ஏது மழை?
பசைதான் தின்றிருக்க வேண்டும்.

பாதி விலைக்கு முதலில் வந்தவர்
பருப்புக் களத்துக்கார நாச்சிமுத்து.
தேங்காயை உடைத்துக் காயப்போட்டே நரைத்தவர்,
வெள்ளையில் அவருக்குத் தெரியாத வெள்ளை இல்லை.
நிறப்பட்டையைக் கையில் வாங்கி
பதினாறு போலிப் பற்களையும்
ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது கந்தகம் போட்ட வெளுப்புங்க டாக்டரம்மா,
எனக்குப் போடாத வெளுப்பே போதும்."
ஐந்து வருடப் படிப்பில் யாரும் சொல்லித்தராத வேறுபாடு.
ஏ இரண்டு என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து ஆவணிக் கல்யாணப்பெண்.
மேல்வரிசையில் ஆறு பற்களுக்கு உறை.
"போட்டோவுல தெரியோணும், நேர்ல தெரியக்கூடாது."
அவள் அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான்:
"ராத்திரிக்குக் கழட்டி வெக்கோணுங்களா?"

எங்கள் ஊர்த் தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே
பாறையோடு பேசிவிட்டு மேலே வருகிறது.
பால்பல் விழுமுன்னே
உள்ளிருக்கும் பல்லில் எழுதிவிடும்,
காவி வரி, சுண்ணாம்புத் திட்டு.
அதை முப்பது வயதில் நான் அழிக்கிறேன்,
பல்லுக்கு இவ்வளவு என்று.

இதையெல்லாம் ஆட்களுக்கு விளக்குபவள் துளசிமணி.
"வலிக்காதுங்க, கூசும்.
ரெண்டு நாளைக்குக் காப்பி மட்டும் வேண்டாமுங்க."
ஏழு வருடமாக முகப்புமேசை.
கொரோனா போனதும் எல்லாரும் கழற்றிய முகக்கவசத்தை
அவள் கழற்றவில்லை.
மதியச் சோற்றை உள்ளறையில்
சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள்.
நான் கேட்டதில்லை.
நேரமில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மயில்சாமியின் வேன், ஏழு பேர்,
ஒரு போசி தக்காளிச் சோறு, முப்பது அவித்த முட்டை.
கோபியை நெருங்கியதும் ஜன்னல் பச்சையாகிவிட்டது.
கிளுவை வேலிக்குப் பழகிய கண்களிடம்
இத்தனை பச்சைக்கு நிறப்பட்டை கிடையாது.

கொடிவேரியில் கம்பியைப் பிடித்துத் தலையைக் கொடுத்தோம்.
பவானி முதுகில் அறைந்தது.
நனைந்த கவசம் மூக்கோடு ஒட்டி மூச்சு முட்டவே
துளசிமணி அதை இழுத்து இடுப்பில் செருகினாள்.
அந்நேரம் எக்ஸ்ரே எடுக்கும் பையன்
வழுக்கி உட்கார்ந்து, "ஐயோ எஞ்செருப்பு!" என்று கத்த,
சிரித்தாள்.
கடைவாய்ப்பல் தெரிய.

பழக்கம் விடுமா?
நான் முதலில் பார்த்தது சிரிப்பை அல்ல.
முன்பற்கள் நான்கும் ஏ நாலுக்கும் அப்பால்,
குறுக்கே வெண்கோடுகள், ஓரத்தில் சிறு பொரிவு.
ஆறு உறை, ஊழியர் சலுகை, சம்பளத்தில் மாதம்...
கூட்டி முடிப்பதற்குள் ஆறு
என் கண்ணாடியை அடித்துக்கொண்டு போயிற்று.
அப்புறம் எல்லாமே கலங்கல்.
ஒரு பழுப்பு, ஒரு சிவப்பு, பெருஞ்சத்தம்.

எனக்கு மீன் முள் தெரியாதென்று
அவளே ஆய்ந்து கொடுத்தாள்.
திரும்பும் வழியில் பெருந்துறைக்கு முன்னால் கேட்டாள்:
"பாத்துட்டீங்களா?"
"கண்ணாடிதான் போச்சே."
"அதுக்கு முன்னாடிங்க."
மயில்சாமி எதற்கோ ஹாரன் அடித்தான்.
சென்னிமலை வரும்போது
பையிலிருந்து புதிதாய் ஒன்றை எடுத்து
காதுகளில் மாட்டிக்கொண்டாள்.

புதன் காலை ஒன்பதரை.
உள்ளே அவள் குரல், "வலிக்காதுங்க, கூசும்."
பழைய கண்ணாடியோடு கதவு முன்னால் நின்றேன்.
நாலாவது சேதி ஒன்று எழுதலாமென்று
பேனாவைத் திறந்தேன்.
கடைசி இலக்கத்தை மட்டும் சரிசெய்தேன்.
ஏழு.