நேர்காணல்

வருஷத்துக்கு ஒரு தடவை
நான் உயிரோடிருப்பதை
அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

இந்த முறை ஆகஸ்ட்டில்,
மழை வரும்போல இருந்து வராமலே போன
ஒரு வியாழக்கிழமை.
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ.
பையில் பென்ஷன் புத்தகம், ஆதார்,
பதினோரு மணிக்குச் சர்க்கரை இறங்கினால் கடிக்க
நாலு மேரி பிஸ்கட்,
அடியில் ஜெபமாலை.
எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைத்தது,
குடையைப் போல.

கருவூலத்தில் நாற்பது நாற்காலி, அறுபது பேர்.
முட்டிக்கு எந்த டாக்டர், ஆபரேஷனுக்கு எவ்வளவு,
காப்பீட்டில் எவ்வளவு பிடித்தார்கள்.
போன வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து
முறுக்கு கொடுத்த தாசில்தார் ஆபீஸ்காரர்
வரவில்லை.
யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"ஜெசிந்தா தேவசகாயம்!"

கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.
"தொடைச்சிட்டு வைங்கம்மா."
புடவையில் துடைத்து வைத்தேன். சிவப்பு.
ஆள்காட்டி விரல், நடு விரல்,
மோதிரத்தைக் கழற்றி மோதிர விரல்.
முன்பெல்லாம் சோப்பு போட்டால்தான் கழலும்,
இப்போது தானாக வருகிறது.
பத்து விரலுக்கும் பத்து சிவப்பு.
"ரேகையே இல்லையேம்மா, என்ன வேலை பார்த்தீங்க?"

ஸ்டான்லியில், ரத்தப் பரிசோதனையில், முப்பத்தொரு வருஷம்.
ஸ்பிரிட்டும் பிளீச்சிங்கும் தின்றது போக
மிச்சத்தை வீட்டுப் பாத்திரங்கள் தின்றன என்று
சொல்லியிருக்கலாம்.
"கவர்ன்மென்ட் வேலைதான்" என்றேன்.

எத்தனை விரலைக் குத்தியிருப்பேன்.
காசிமேட்டு விரல்கள் வலை இழுத்துக் காய்ந்தவை,
ஊசி உள்ளே போக யோசிக்கும்.
பிறந்து மூன்று நாளான குதிகால்கள்
என் சுண்டுவிரல் அளவு.
எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்,
நான்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.
"நல்லாருக்குமாம்மா?" என்று
சொட்டு விழுவதற்கு முன்னாலேயே கேட்பார்கள்.
எனக்கு என்ன தெரியும்.
வெள்ளையணு எத்தனை, சிவப்பணு எத்தனை,
அதற்கு அப்பால் கண்ணாடிச் சில்லில்
ஒன்றும் எழுதியிருக்காது.

"சரி, கண்ணை வைங்க."
வலது கண்ணில் புரை. இடது கண்
போன தை மாதம் செய்தது.
மூக்குக்கண்ணாடி இல்லாமல் குனிந்தேன்.
"இமைக்காதீங்க."
இமைக்காமலிருப்பது செத்தவங்க வேலையாச்சே
என்று வாய்வரை வந்தது.
பச்சை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேறொரு நேர்காணல்.
பிரின்சி, தோஹாவிலிருந்து.
"லைட்டைப் போடுங்க, முகம் தெரியலை.
அப்பாவைக் காட்டுங்க. கால் வீக்கத்தைக் காட்டுங்க.
மாத்திரை டப்பாவைக் கிட்ட கொண்டுவாங்க."
அவளுக்கு விரல் ரேகை வேண்டாம்,
குரல் கொஞ்சம் கம்மினாலே பிடித்துவிடுவாள்.
அதனால் முதலில் வெந்நீர் குடித்துவிட்டுத்தான்
போனை எடுக்கிறோம்.

வீடு வந்தபோது மணி ஒன்றரை.
துறைமுகத்தில் இருபது டன் தூக்கிய மனுஷன்
உப்பில்லாத குழம்பின் முன்னால்
ஒரு கவளம் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.
"பாஸா?"
"ஒரு வருஷத்துக்கு."
சமையலறையில் ஒரு ஸ்பூன் மட்டும்
கழுவி, ஈரமாய், கவிழ்த்து வைத்திருந்தது.
நான் எதையும் கேட்கவில்லை.
சாயங்காலம் பிரஷர் பார்த்தேன், நூற்று அறுபது.
அதை நோட்டில் எழுதினேன்,
பக்கத்தில் ஒரு ஸ்பூன் வரைந்தேன்.

முன்பு படுக்கும்போது மாதாவிடம்
ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கேட்பேன்:
பிரின்சிக்குக் குழந்தை, இவருக்கு மூன்று அடைப்பு,
கீழ்வீட்டு வள்ளியம்மைக்கு வழக்கு ஜெயிக்க.
இப்போது பட்டியல் நீண்டுபோய்
பாதியிலேயே தூக்கம் வருகிறது.
மருந்துக்கடைப் பையனிடம் சொல்வதையே
அவளிடமும் சொல்லிவிடுகிறேன்:
போன மாசச் சீட்டுதான்,
அதையே கொடு.

இருட்டில் அவர் புரண்டு படுத்தார்.
"எனக்கு நவம்பர்தானே?"
"ஆமா."
"அதுவரைக்கும் ஊறுகாய் இருக்குமா?"
"பிரிட்ஜுக்கு மேலே" என்றேன்,
"உங்களுக்குத் தெரியாததா."