பதினோராம் நாள்

குத்தாய்சி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
பக்கத்துக் கட்டில் லம்சீராவுக்கு
ஓயாத விக்கல்.

தண்ணீர், சர்க்கரை,
வயிற்றுக்குள் கேமரா,
எதற்கும் மசியவில்லை.

யாரோ நினைக்கிறார்கள் என்போம் எங்கள் ஊரில்.
போலந்தில் லாரி ஓட்டும் புருஷன்தான் என்றாள்
முதல் நாள்.
ஆறாம் நாளில்
கடன்காரர்கள் பெயரும் வந்தது.

ராத்திரி முறைக்கு வந்த டாக்டர் நோதார்
என் தட்டிலிருந்த மாதுளையைத் தூக்கிக் காட்டி
ஒவ்வொரு கண்ணாய் மூடச் சொன்னார்.
வலக்கண்ணுக்குச் சிவப்பு.
இடக்கண்ணுக்கு
மழையில் ஊறிய செங்கல்.

ஸ்கேனில் முகுளத்தின் பின்புறம்
பயறளவு வெள்ளை.

ஸ்டீராய்டு இறங்கிய மூன்றாம் இரவு
விக்கல் நின்றது.
வார்டே தூங்கியது.

அவள் மட்டும்
போனில் அவன் படத்தை
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.
அப்புறம்
மற்றதை மூடி.