ஆறுதல் பரிசு

வரிசை எண் 3186.
திரையில் அது மின்னி, நான் உள்ளே போய் உட்கார்ந்ததும்
ஒரு சின்ன வயது டாக்டர்
நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு
புற்று என்றார்.
அழகாகச் சொன்னார். பயிற்சி எடுத்திருப்பார்.

தனபாலன் அந்த எண்ணை ஃபோர் டி-யில் கட்டினார்.
"இவ்வளவு கெட்ட நம்பர் சும்மா போயிடுமா?"
புதன் இரவு ஆறுதல் பரிசு விழுந்தது.
ஆறுதல் சொல்ல வந்த அத்தனை பேரில்
கையில் அறுபது வெள்ளி தந்தது அது ஒன்றுதான்.

பிராஸ் பசாவுக்குப் போய்
கறுப்பு மைப்பேனா நான்கும் தடித்த நோட்டு ஒன்றும் வாங்கினேன்.
இருபது வருடம் அங் மோ கியோ டிப்போவில்
பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டவள் நான்.
படம் வராது.
கட்டம் வரும்.

முதல் கட்டத்தில் பிராட்டா மாஸ்டர்.
மேமோகிராம் தட்டுகளுக்கு நடுவில் மாவாக நான்.
"இன்னும் கொஞ்சம் மெல்லிசா, மூச்சு விடாதீங்க."
முட்டையா வெங்காயமா என்று கேட்காததுதான் பாக்கி.

ஈப்போ அத்தை போனில்
"அதுல ஏதோ கட்டியாமே?" என்றாள்.
பேச்சுக்குமிழில் 'அது' என்று எழுதி
அந்த எழுத்துக்கு ஒரு முக்காடு போட்டேன்.
அறுவைக்குப் பிறகுதான் அத்தையின் இலக்கணம் சரியானது.
அதற்கு முன் 'அவை'.

சிவப்பு மருந்து இறங்கியது,
பாண்டுங்குக்கு விடுகிற ரோஸ் சிரப்பேதான்.
பால் எங்கே என்றேன்.
ரொஹாயா சிஸ்டர் சிரிக்கவில்லை.
என் பெயரையும் பிறந்த தேதியையும்
இன்னொரு முறை சரிபார்த்தாள்.

ரோபோ வேக்யூம் என் முடியைத் தின்று
மூச்சு முட்டிக் கட்டிலுக்கடியில் கிடந்தது.
அதற்கு முதலுதவி செய்தது நான்.

தனபாலன் அழமாட்டார். குளிப்பார்.
நாளுக்கு நான்கு தடவை, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு.
மாதக் கடைசியில் தண்ணீர் பில் பதினெட்டு வெள்ளி கூட.
பில்லை அப்படியே நோட்டில் ஒட்டிவிட்டேன்,
வரைய அதில் ஒன்றும் மிச்சமில்லை.
பார்த்தார்.
"மீட்டர் கோளாறா இருக்கும்" என்றார்.
அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்கு இரண்டு நாள் ஆனது.

தையல் பிரித்த அன்று கண்ணாடி முன் நின்றதை
மூன்று தடவை வரைந்து மூன்று தடவை கிழித்தேன்.
கடைசியில் கண்ணாடியும்
அதற்குள் பல் விளக்கும் குவளையும் மட்டும்.
குவளை நன்றாக வந்திருந்தது.

வியாழக்கிழமைகளில் பக்கத்து நாற்காலி மேடம் கோ.
தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது.
எட்டிப் பார்த்துச் சிரித்து, தழும்பு இழுத்துப் பிடிக்க,
"ஸ்டாப் லா, வலிக்குது" என்று கெஞ்சி,
அடுத்த பக்கத்தை அவரே திருப்பினார்.
அவருக்கு இடது இல்லை. எனக்கு வலது.
"நீ நான், ஒரு செட்."
அதை முழுப் பக்கம் போட்டேன்:
முஸ்தபாவில் ஒரே பிராவை இருவரும் இழுக்கிறோம்,
லேஸ் வைத்ததா வைக்காததா என்று சண்டை,
காசாளர் பாதி விலை கிடையாது என்கிறார்.

"இன்னும் ஒரு ஊசிதானேம்மா,
'முற்றும்' போட்டு முடி" என்கிறாள் மகள் இளநிலா.
முற்றும்.
கதைக்கு அது முடிவு.
நோய்க்கு அது வேறு வினை.
பள்ளியில் தமிழ் படிக்கிறவள்,
சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யோசித்து, கீழ் மூலையில்
'தொடரும்' என்று எழுதினேன், பென்சிலில்.
அதைப் பார்க்கவும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மேடம் கோ விரல் வைத்துக் கேட்டார்,
இது என்ன வார்த்தை?

அடுத்த வியாழன் என்றேன்.