ஒன்றரைச் சுற்று

முந்நூற்று நாற்பது ரெயால்.
மாவு டப்பாவுக்குள் ஜில்மாரா சேர்த்தது.
மிக்சருக்கு என்று
டப்பாவின்மேல் எழுதியும் வைத்திருந்தாள்.
எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை.

பெட்டிமில் யூனோ ஓடாத தெரு கிடையாது.
இந்த ஊர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டி,
தொண்ணூற்று நாலில் செய்தது.
சாம்பல் நிறம்; இடது கதவு மட்டும் வேறொரு சாம்பல்.
வெள்ளத்தைக் கண்டு
கால்சட்டையைத் தூக்கிப் பிடித்த குமாஸ்தா மாதிரி நிற்கும்.
சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
என் முழங்கை போகும்.

ஊரெல்லாம் ஏறப் பார்க்கிறது.
நான் இறங்கப் பார்த்தேன்.
நாலு விரற்கடை, அவ்வளவுதான்.

திருகி ஏற்றி இறக்குகிற செட்
கடையில் ஆயிரத்து எண்ணூறு.
விலை கேட்ட வெட்கத்துக்கு
ஒரு சாவிவளையம் வாங்கிக்கொண்டு வந்தேன்.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
எனக்கு வீங்கவே வேண்டாம், வற்றினால் போதும்.
அதற்கும் விரல் போதவில்லை.

ஆகவே, ஞாயிறு காலை, வாண்டர்லேயின் கொட்டகை.
ஸ்பிரிங்கை நெருக்கும் கருவி இரவல்,
ஒரு பக்கம் மரை தேய்ந்தது.
நழுவினால் தாடை போகும் என்று சொல்லிவிட்டு
அவன் தன் தாடையைத் தள்ளி வைத்துக்கொண்டான்.
சுண்ணக்கட்டியால் கோடு.
இரண்டு சுற்று வெட்டலாம் என்றான்.
ஒன்றரை என்றேன்.
தீயைக் காட்டாதே, கம்பி செத்துவிடும் என்று
பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.
கிரைண்டர் பொறி தெறித்து
பூனை ஒருநாள் முழுக்க வீடு திரும்பவில்லை.
அறுபட்ட துண்டு காலடியில் கிடந்தது,
வாய் சேராத வளையல், தொட முடியாத சூடு.

பின்பக்கப் பட்டையைக் கொல்லன் அடித்து நிமிர்த்தினான், நூற்றிருபது.
கோணம் சரிபார்க்கக் காசில்லை.
டயர் உட்பக்கமாய்த் தேயும் என்றார்கள்.
உட்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

ஜாக்கை இறக்கினோம்.
இரவு ஷிப்ட் முடிந்து
ஷூவைக் கழற்றிய ஆள் உட்காருவதுபோல
வண்டி உட்கார்ந்தது.
முழங்கை போன இடத்தில்
இப்போது ஒரு தீப்பெட்டி.

சனிக்கிழமை மூன்றடுக்குக் கேக்.
தோனா இராசேமாவின் பேத்திக்குப் பதினைந்து வயது.
நீலக் கிரீம், சர்க்கரையில் பதினைந்து வண்ணத்துப்பூச்சி.
கிரீம் முழுக்கக் கையால் அடித்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
கரண்டிச் சத்தம்தான் சொன்னது.

வீட்டிலிருந்து மண்டபத்துக்கு ஒன்பது வேகத்தடை.
இத்தனை வருஷம் அவை இருந்ததே தெரியாது.

முதல் தடையில் குறுக்காக ஏறினேன், எறும்பு வேகத்தில்.
அடிவயிறு உரசியது.
ஒரு வண்ணத்துப்பூச்சி சாய்ந்தது.
நிறுத்து என்றாள்.
கேக்கை ஏந்தி இறங்கி
தடையை நடந்து தாண்டினாள்.
நான் பாரமில்லாமல் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தேன்.
ஏறினாள்.
இரண்டாவதில் இறங்கினாள்.
மூன்றாவதில் ரொட்டிக்கடைப் பையன் குடை பிடித்தான்.
நாலாவதில் ஒரு கிழவர்
சாமி ஊர்வலம் என்று நினைத்துத்
தொப்பியைக் கழற்றினார்.

ஆறாவதில் அவள் திரும்ப ஏறவில்லை.
கேக் முன்னே, நான் பின்னே,
முதல் கியரில், திறந்த கதவோடு,
எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு.

மண்டபத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.
முழங்கைவரை நீலம்.
வண்டியை முன்னாலிருந்து பார்த்தாள்.
பக்கவாட்டில் போனாள். குந்தி உட்கார்ந்து
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்,
அடுக்கு சரிந்திருக்கிறதா என்று பார்ப்பாளே, அப்படி.

பின்பக்கம் இன்னும் ஒரு விரல் தூக்கல் என்றாள்.

மிக்சர் பேச்சு
திங்கட்கிழமைதான் வந்தது.