பத்தி 4: இரு காலணிகளுடன்

நீதிமன்றத்துக்குள் நான் போனதே இல்லை.
ஒலிக்கோப்பு வரும், தட்டச்சு செய்து அனுப்புவேன்.
பக்கத்துக்கு ஒரு பவுண்டு அறுபது.
க்ரிம்ஸ்பியில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில்,
சமையலறை மேஜைதான் அலுவலகம்.
மேஜைக்குக் கீழே ஒரு மிதி.
அழுத்தினால் பேச்சு ஓடும், விட்டால் நிற்கும்,
குதிகாலால் அமுக்கினால் ஐந்து நொடி பின்னே போகும்.
அதற்காக வலது கால் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

குடும்ப வழக்கில் பெயர்கள் கிடையாது.
அம்மா 'அ'. அப்பா 'ஆ'.
எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் பிள்ளைக்கு
ஓர் எழுத்தே பெயர்: 'இ'.

அன்றைய கோப்பு இரண்டு மணி ஏழு நிமிடம்.
ஆ-வுக்கு நல்ல குரல். ஒவ்வொரு பதிலுக்கும் முன்
ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற ஓசை.
அ-வுக்கு அவசரம். கேள்வி முடியுமுன்பே பதில்,
பதில் முடியுமுன்பே அழுகை.
அவள் வாக்கியங்களைக் கொஞ்சம் நேராக்கினேன்
(விதிப்படி கூடாது),
தெளிவாக இருந்தால் யாராவது நம்புவார்களே என்று.

சமூகப் பணியாளர் மூன்றாவது ஆள்.
முதலாமவர் நீண்ட விடுப்பில், அடுத்தவர் வேலையை விட்டுவிட்டார்.
இவர் இ-யைப் பார்த்தது ஒரே முறை,
நாற்பது நிமிடம், அதில் பாதி கிரேயான் தேடுவதில்.
"குழந்தை கலகலப்பாகவே இருந்தாள்."

வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு ஷூ காணாமல் போகிறது என்றாள் அ.
ஒன்றுதான். எப்போதும் ஒன்றுதான்.
வாஷிங் மெஷினுக்குப் பின்னால்,
மாவு டப்பாவுக்குள்,
ஒருமுறை பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில்.
அவன் வண்டி வாசலில் ஹாரன் அடிக்க அடிக்க
ஒற்றை ஷூவோடு படியில் உட்கார்ந்திருப்பாளாம்.

சில பிள்ளைகளுக்கு மறதி அதிகம், என்றார் நீதிபதி.
மறதி இல்லை, என்றாள் அ.
அப்படியானால் ஒளித்துவைக்க யார் சொல்லிக்கொடுத்தது,
என்றார் ஆ-வின் வக்கீல்.
பதினொரு நொடி.
எழுதினேன்: (மௌனம்).

பிறகு தன் கைப்பேசியில் பதிந்ததைப் போட்டுக் காட்டினாள்.
படிக்கட்டு. கதவு. நாய். நடுவில் ஒரு சின்னக் குரல்.
ஒன்பது முறை பின்னே அமுக்கினேன்.
அதற்கு மேல் அமுக்கினால் எனக்குக் கூலி கட்டாது.
எழுதினேன்: (கேட்கவில்லை).

தீர்ப்பு, பத்தி 4.
ஒன்றுவிட்ட வாரயிறுதிகளில், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு,
தாய் குழந்தையைத் தயாராக,
இரு காலணிகளுடன்,
தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும்.
'இரு' என்பதை நீதிபதி அழுத்திச் சொன்னார்.
அழுத்தத்தைத் தட்டச்சு செய்ய வழியில்லை.

பிப்ரவரியில் அவள் பெயர் தெரிந்தது.
செத்துப்போனால் முழுப்பெயர் தருகிறார்கள்.
எஃபி ஜோன் ஸ்கெல்டன், ஆறரை வயது.

விசாரணைக் கோப்பும் என்னிடமே வந்தது,
குறைந்த விலைக்குச் செய்கிறவள் நான்தானே.
"படிப்பினைகள் கற்றுக்கொள்ளப்படும்", மூன்று இடத்தில்.
அந்த வாக்கியத்தில் எழுவாயைத் தேடினேன்.
இல்லை.

அதே கைப்பேசிப் பதிவு.
யாரோ ஒரு நிபுணர் நாயை எடுத்திருந்தார்,
கதவை எடுத்திருந்தார்.
மிதியைப் பின்னே அமுக்க வேண்டியே இருக்கவில்லை:

"ஷூ கிடைச்சிடும்மா.
திங்கக்கிழமை கிடைச்சிடும்."

பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.
(கேட்கவில்லை).
என் காதில் விழவில்லை என்றுதான் எழுதினேன்.
அடைப்புக்குறிக்குள் இப்போது
அந்த அறையிலிருந்த எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்,
அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காதவர்கள்,
சொன்னபோது காது கொடுக்காதவர்கள்,
ஓரமாக நான்.
திருத்தம் அனுப்பத் தனிப் படிவம் இருக்கிறது.
கெடு இருபத்தொரு நாள். எப்போதோ தாண்டிவிட்டது.

அடுத்த கோப்பு வந்திருக்கிறது. வேறொரு இ.
மேஜைக்கடியில் வெறும்கால் சில்லிட்டுக் கிடக்கிறது.
செருப்பை எங்கே தள்ளிவிட்டேனோ.
தேடவில்லை.
இன்று வெள்ளி.